995-ஐ அழைத்தால் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

பாத்தோக்_வாசி | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இன்று மாலை அப்பா சமையலறை வாசலில் சரிந்து விழுந்தார். வயது 74, இருபது வருடச் சர்க்கரை. கூப்பிட்டால் பதில் இல்லை, சட்டையெல்லாம் வியர்வை. மனைவி 995-ஐ (சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் அதுதான் எண்) அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். முதலில் முகவரி. புளோக் எண், தெருப் பெயர், வீட்டு எண், அப்புறம் அஞ்சல் குறியீடு. பிறகு என்ன நடந்தது, வயது என்ன, கண் திறக்கிறாரா, மூச்சு விடுகிறாரா, வழக்கம்போல விடுகிறாரா, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, சர்க்கரை உண்டா, என்ன மருந்து.

எனக்குப் பொறுக்கவில்லை. பின்னால் நின்றுகொண்டு கத்திவிட்டேன்: "முதலில் வண்டியை அனுப்புங்கள், கேள்வியெல்லாம் அப்புறம் கேட்கலாம்!" அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. "வண்டி கிளம்பிவிட்டது சார், நீங்கள் அவர் நெஞ்சைப் பாருங்கள்" என்றார். சீனி கலந்த தண்ணீரோடு ஓடினேன். "வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்" என்று தடுத்துவிட்டார். நான் தண்ணீர் எடுத்து வந்ததை மனைவிதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

9 நிமிடத்தில் வந்துவிட்டார்கள். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. இப்போது வார்டில் உட்கார்ந்துகொண்டு காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் கவலை இல்லை.

என் சந்தேகம் இதுதான். "கிளம்பிவிட்டது" என்பது உண்மையா, ஆளை அடக்குவதற்காகச் சொல்வதா? கேள்வி எல்லாம் முடிந்த பிறகுதான் வண்டியை அனுப்புவார்களா? 995 அழைப்புகளை எடுக்கிற அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


செங்காங்_மீனா | ஞாயிறு, இரவு 11.41

அப்பா நலம் என்பதே போதும். எனக்கும் இதே சந்தேகம் உண்டு. காத்திருக்கிறேன்.


மூன்றாம்_ரோட்டா | திங்கள், காலை 6.05

அண்ணே, தேசிய சேவையில் (இங்கே இளைஞர்களுக்கான கட்டாயப் பணி) ஒரு பகுதி எனக்கு அந்த அறையில்தான் கழிந்தது. கொஞ்ச வருடம் ஆகிவிட்டது. வெளியே சொல்லக்கூடாத விஷயங்கள் உண்டு, அதைத் தொடமாட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: உண்மைதான், வண்டி கிளம்பியிருக்கும். பேசுகிறவர் உங்களோடு பேசிக்கொண்டே தட்டச்சு செய்கிறார். இடமும், என்ன வகையான அழைப்பு என்பதும் தெரிந்த உடனே வண்டிக்குத் தகவல் போய்விடும். உங்கள் பேச்சு முடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. நிலையத்தில் அலாரம் அடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் மண்டையில் ஏற்றிய கணக்கு. உங்கள் மனைவி மருந்துப் பெயரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் ஏதோ ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கும்.

மீதிக் கேள்விகள் இரண்டு காரணத்துக்காக. ஒன்று, வருகிற குழுவுக்கு. நினைவில்லாத, சர்க்கரை உள்ள 74 வயது ஆண் என்று வழியிலேயே தெரிந்தால், கதவைத் திறந்ததும் எந்தப் பையை முதலில் பிரிப்பது என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு, உங்களுக்கு. வண்டி வந்து சேரும்வரை அங்கே இருக்கிற கை உங்கள் கை மட்டும்தான். அதை வைத்துத்தான் அந்தப் பெண் வேலை பார்த்தார். சீனித் தண்ணீரைத் தடுத்தது சும்மா இல்லை. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

எல்லோரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. எடுத்த எடுப்பில் "என்ன ஆச்சு" என்று ஏன் கேட்பதில்லை, ஏன் முகவரியைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று. போன் அறுந்துவிட்டால்? சார்ஜ் போய்விட்டால்? பேசுகிறவரே மயங்கிவிட்டால்? இடம் தெரிந்திருந்தால் என்ன நடந்தது என்று தெரியாமலே ஒரு வண்டியை அனுப்ப முடியும். என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்தும் இடம் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நான் எடுத்த அழைப்புகளில் ஒரு பெரியவர் "ஐயோ சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க" என்றே நாற்பது நொடி சொன்னார். அந்த நாற்பது நொடி இன்னும் என் காதில் இருக்கிறது.

அஞ்சல் குறியீடு தெரிந்தால் அதை முதலில் சொல்லுங்கள். 1995-இல் ஆறு இலக்கம் வந்ததிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. ஆறு எண்ணைத் தட்டினால் கட்டடம் திரையில் வந்துவிடும். புளோக் எண்ணில் இருக்கும் ஏ, பி எழுத்தை விட்டுவிடாதீர்கள். 412 வேறு, 412ஏ வேறு. நடுவில் ஒரு பெரிய கார் நிறுத்துமிடமே இருக்கும்.


தேக்கா_தாத்தா | திங்கள், காலை 7.30

தம்பி நன்றாகச் சொன்னார். எங்கள் காலத்தில் ஆறு இலக்கமும் இல்லை, திரையும் இல்லை. ஹில் ஸ்திரீட்டில் செங்கல்லும் வெள்ளையுமாக நிற்கிற மத்திய தீயணைப்பு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 1909-இல் திறந்தது. அதன் கோபுரத்தில் ஆள் நின்று ஊரைப் பார்ப்பார்கள், எங்கே புகை எழுகிறது என்று. அதுதான் அன்றைக்குக் கட்டுப்பாட்டு அறை!

1961 மே 25, புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பெருந்தீ. நான் அப்போது சின்னப் பையன், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே வானம் கறுத்துக் கிடந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், காற்று வேறு. 4 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தச் சந்துகளுக்கெல்லாம் யார் முகவரி சொல்வது? "கோயிலுக்குப் பின்னால், கடைக்கு எதிரே" என்பதுதான் முகவரி.

இப்போது பேரன் கார்டில் எல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறான். எனக்கோ என் வீட்டு அஞ்சல் குறியீடு இன்றைக்கும் மனப்பாடம் இல்லை. சிரிக்காதீர்கள்.


இரவுப்பணி_செவிலி | திங்கள், பிற்பகல் 2.15

நேற்று இரவு வேலை, இப்போதுதான் எழுந்தேன். மூச்சுக் கேள்வியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். இந்த இழையில் அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

"மூச்சு விடுகிறாரா" என்று கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் "விடுகிறார்" என்பார்கள். இதயம் நின்றவுடன் சிலருக்கு ஒரு மாதிரி மூச்சு வரும். கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது போல. குறட்டை போன்ற சத்தம், நடுவில் பெரிய இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. பார்ப்பவர்களுக்கு உயிர் இருக்கிறது என்று நிம்மதி. உண்மையில் அது மூச்சே இல்லை, நின்றுகொண்டிருக்கிற உடம்பின் கடைசி உதறல். அதனால்தான் "வழக்கம்போல விடுகிறாரா" என்று மறுபடி கேட்கிறார்கள், "நெஞ்சு ஏறி இறங்குகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். நீங்கள் கோபப்பட்ட கேள்வி அது, அண்ணா.

கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியில்லை. இரண்டுக்கும் "இல்லை" என்றால் அடுத்த நொடி சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி. போனில் இருப்பவரே சொல்லிக்கொடுத்துச் செய்ய வைக்கும் முறை இங்கே 2012-இல் வந்தது. அதே காலத்தில்தான் தாதியரையும் அந்த அறையில் உட்கார வைத்தார்கள். "தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள், நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகம், மற்றக் கையை அதன் மேல் வையுங்கள், அழுத்துங்கள், என்னோடு எண்ணுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு..." வண்டி வந்து சேரும்வரை எண்ணுவார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் ஐந்து சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் என்றால் பயந்துபோவீர்கள், அவ்வளவு இறங்கும். விலா எலும்பு நொறுங்கும் சத்தம் கூடக் கேட்கலாம். நிறுத்தாதீர்கள்.

யாரும் அழுத்தாமல் விட்டால் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறையும். ஆம்புலன்ஸுக்கு அறிவித்த இலக்கு 11 நிமிடம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மெத்தை மேல் செய்யாதீர்கள். அழுத்தம் எல்லாம் மெத்தைக்குத்தான் போகும். எத்தனை தடவை சொன்னாலும் கட்டிலில் வைத்துத்தான் அழுத்துகிறார்கள்.


பாத்தோக்_வாசி | திங்கள், மாலை 6.50

அக்கா, படித்ததும் கை நடுங்குகிறது. அப்பா குறட்டை போல ஒரு சத்தம் விட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். மனைவி நெஞ்சில் கை வைத்துப் பார்த்து "சீராக இருக்கிறது" என்றாள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால்?


துவாஸ்_தமிழன் | திங்கள், இரவு 9.10

நீங்கள் எல்லாம் வீட்டில் இருந்து பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துக் கதையைக் கேளுங்கள்.

நான் புதுக்கோட்டைக்காரன், இங்கே வந்து பதினொரு வருடம். ஊரில் 108-ஐத் தெரியும், 2008-இலிருந்து ஓடுகிறது. அதே நினைப்பில் இங்கே வந்த முதல் வருடத்தில் நான் 108 என்று அழுத்தியிருக்கிறேன், பயத்தில்! அந்தக் கதை அப்புறம்.

வேலையிடத்தில் ஒரு பையன் சாரத்திலிருந்து விழுந்தான். மூன்று ஆள் உயரம். எங்கள் கம்பெனியில் (பெயர் வேண்டாம்) முதல் போன் சூப்பர்வைசருக்கு. சூப்பர்வைசர் பாதுகாப்பு அதிகாரிக்கு. அவர் மேனேஜருக்கு. மேனேஜர் 995-ஐ அழைத்தார். அவர் அப்போது அலுவலகத்தில். "மூச்சு எப்படி இருக்கிறது" என்று கேட்டால் அவருக்கு என்ன தெரியும்? "விசாரித்துச் சொல்கிறேன்" என்றாராம். பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையில் போன் இருந்தது. எனக்கு அழைக்கத் தைரியம் இல்லை. ஆங்கிலம் வராதே என்ற பயம், மேலிடத்தைக் கேட்காமல் செய்தால் திட்டுவார்களே என்ற பயம். பையன் பிழைத்தான், இடுப்பு எலும்பு முறிவு. இன்றைக்கும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம்.

அப்புறம் இடம். துவாஸில் புதுச் சாலை, புது வேலி, பாதி இடத்துக்குப் பலகையே இல்லை. கேட் மூன்று என்று நாங்கள் சொல்வது எங்களுக்கு மட்டும் தெரிந்த கேட் மூன்று. வண்டி வெளியே வந்துவிட்டது, எந்த வாசல் என்று தெரியவில்லை. கடைசியில் ஒருத்தன் மஞ்சள் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு சாலைக்கு ஓடினான்.

பிழை எங்களுடையதுதான். ஆனால் இப்படிப்பட்ட இடத்தில் இருந்து எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மூன்றாம்_ரோட்டா | திங்கள், இரவு 10.02

அண்ணே, பக்கத்தில் இருப்பவர்தான் அழைக்க வேண்டும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. 995-இல் பேசியபடியே இன்னொருவரை விட்டு மேனேஜருக்குச் சொல்லச் சொல்லுங்கள். தலைகீழாகச் செய்வதால்தான் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது.

இடத்துக்கு: சாலை ஓரம் என்றால் விளக்குக் கம்பத்தைப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். சாலைப் பெயரையும் கம்ப எண்ணையும் சொன்னால் போதும். விரைவுச்சாலையில் எந்தத் திசை என்று கட்டாயம் சொல்லுங்கள். பிஐஇ-யில் சாங்கி நோக்கியா துவாஸ் நோக்கியா என்பதை மாற்றிச் சொன்னால் வண்டி அடுத்த வெளிவழி வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கும். வேலையிடம் என்றால் பக்கத்தில் இருக்கிற கட்டடத்தின் முகவரி, அப்புறம் எந்தச் சாலையில் இருக்கிற வாசல். ஓர் ஆளை வெளியே அனுப்புங்கள். அந்த மஞ்சள் சட்டை ரொம்பச் சரியான வேலை.

மொழி பற்றி: "ஆம்புலன்ஸ், துவாஸ், ஃபால் டவுன், நோ வேக் அப்" என்று பேசினால் போதும், இலக்கணம் பார்க்க அங்கே ஆள் இல்லை. பேசவே முடியாத சூழ்நிலையிலும் போனை வைத்துவிடாதீர்கள். இப்போது உங்கள் போனுக்கு ஒரு இணைப்பை அனுப்பி, அதை அழுத்தினால் உங்கள் கேமரா வழியாக அவர்களே பார்க்கிற வசதியும் உண்டு. காது கேட்காதவர்கள், பேச முடியாதவர்களுக்கு 70995 என்ற எண்ணில் குறுஞ்செய்திச் சேவை தனியாக இருக்கிறது.


வெள்ளிக்_கணக்கு | செவ்வாய், காலை 8.20

எல்லாம் சரி. எனக்கு ஒரு எரிச்சல். போன மாதம் அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், நடக்க முடியவில்லை. அழைத்தோம், வந்தார்கள், பார்த்தார்கள். "அவசரம் இல்லை, கிளினிக்குக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வரி கட்டுகிறோம் அல்லவா? இது என்ன நியாயம்?


இரவுப்பணி_செவிலி | செவ்வாய், காலை 8.44

2019 ஏப்ரலிலிருந்து அதுதான் விதி. வந்து பார்த்து அவசரம் இல்லை என்று தெரிந்தால் மருத்துவமனைக்கு ஏற்றிப் போகமாட்டார்கள். அவசரமில்லாத பயணத்துக்கு 1777, தனியார் ஆம்புலன்ஸ், காசு கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு நடக்க முடியாதது வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் பேட்டையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் அந்த வண்டி உங்கள் அம்மாவோடு ஏஅண்டுஇ (மருத்துவமனை அவசரப் பிரிவு) வரிசையில் நிற்கும்.


வெள்ளிக்_கணக்கு | செவ்வாய், காலை 8.51

எங்களுக்கு என்ன தெரியும், எது அவசரம், எது இல்லை என்று? நாங்கள் என்ன டாக்டரா?


மூன்றாம்_ரோட்டா | செவ்வாய், பகல் 12.30

அந்தக் கேள்வி நியாயமானது. அதனால்தான் தீர்மானிக்கிற பொறுப்பை உங்கள் மேல் போடாமல் அவர்களே கேட்டுக் கேட்டுப் பிரிக்கிறார்கள். 2017-இலிருந்து உயிருக்கு ஆபத்து, அவசரம், சிறிய அவசரம், அவசரமில்லாதது என்று தரம் பிரித்து அனுப்புகிற முறை நடப்பில் இருக்கிறது. இதயம் நின்றுவிட்டது என்று சந்தேகப்பட்டால் ஆம்புலன்ஸ் மட்டும் வராது, பக்கத்து நிலையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் தீயணைப்பாளரும் ஏஇடி-யோடு (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) வருவார். கணுக்கால் பிசகினால் ஒரு வண்டி, அதுவும் கொஞ்சம் தாமதமாகலாம். மறுபடி அதே கேள்விகள்தான் இந்தத் தரத்தை முடிவு செய்கின்றன. "சீக்கிரம் வரட்டும்" என்று மிகைப்படுத்திச் சொல்பவர்களும் உண்டு. அம்மாவுக்கு மூச்சே இல்லை என்பார்கள். பின்னால் அம்மாவே "யாரிடம்டா பேசுகிறாய்?" என்று கேட்பது எங்களுக்குக் கேட்கும்.

இப்போதெல்லாம் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் அழைப்புகள். தீச்சம்பவங்கள் ஏறக்குறைய 2,000 தான். பெயர்தான் தீயணைப்பு. அந்த அறையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் உடம்பு சரியில்லாதவர்களின் குரல்தான்.


நிர்வாகி | செவ்வாய், பகல் 12.48

இழை நன்றாகப் போகிறது. சண்டை வேண்டாம். உங்கள் முகவரி, போன் எண் எதையும் இங்கே எழுதாதீர்கள்.


செங்காங்_மீனா | செவ்வாய், இரவு 8.15

தீ என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. போன வருடம் எதிர் புளோக்கில் ஒரு வீட்டு ஜன்னலில் புகை. எங்கள் வராந்தாவில் இருபது பேர் நின்று பார்க்கிறார்கள், பாதிப் பேர் வீடியோ எடுக்கிறார்கள். யாராவது அழைத்திருப்பார்கள் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அது சரியா? எல்லோரும் அழைத்தால் அங்கே லைன் நெரியாதா?


மூன்றாம்_ரோட்டா | செவ்வாய், இரவு 9.37

அழையுங்கள் அக்கா. ஒரே தீக்கு முப்பது நாற்பது அழைப்பு வரும், உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டும். முப்பத்தொன்பது பேர் எதிர் புளோக்கிலிருந்து வேடிக்கை பார்ப்பவர்கள், நாற்பதாவது ஆள் அந்த வீட்டுக் குளியலறைக்குள் இருப்பவராக இருக்கலாம்.

ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். ஒருவர் பார்த்தது புகை, ஒருவர் பார்த்தது ஜன்னலில் கை, மாடிக்காரர் சொல்வது "குப்பைக் குழாயில் நாற்றம்". குப்பைக் குழாய்த் தீ என்றால் சிறிய வண்டி போதும், வீட்டுக்குள் தீ, ஆள் மாட்டியிருக்கிறார் என்றால் கதை வேறு. ரெட் ரைனோ என்கிற சிறிய தீயணைப்பு வண்டி முதலில் போய்ச் சேரும், பின்னால் பெரிய வண்டி, ஏணி, ஆம்புலன்ஸ். அறிவித்த இலக்கு 8 நிமிடம். வண்டி பாதி வழியில் இருக்கும்போதே புதுத் தகவல் வந்தால் கூடுதல் வண்டி கிளப்புவார்கள்.

வெளியிலிருந்து அழைப்பவர்கள் செய்கிற இரண்டு தவறு. முதலாவது, தன் புளோக் எண்ணைச் சொல்லிவிடுவது. "நீங்கள் நிற்கிற இடமா, தீ எரிகிற இடமா" என்று கேட்பார்கள், கோபப்படாதீர்கள். இன்னொன்று மாடிக் கணக்கு. வாய்ட் டெக் (புளோக்கின் அடியில் வீடுகள் இல்லாத திறந்த தரைத்தளம்) தான் ஒன்றாவது மாடி, அதற்கு மேல் உள்ள வீடுகள் 02 என்று தொடங்கும். கீழிருந்து எண்ணுகிறவர்கள் வாய்ட் டெக்கை விட்டுவிட்டு எண்ணுவார்கள், ஒரு மாடி குறைந்துவிடும். புகைக்குள் மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு ஏறுகிறவனுக்கு ஒரு மாடி என்பது சின்ன விஷயம் இல்லை. "மேலிருந்து மூன்றாவது, இடது ஓரத்திலிருந்து இரண்டாவது ஜன்னல், பச்சைத் திரை" என்று ஒருவர் சொன்னார். அந்த மாதிரி சொன்னால் கும்பிடுவேன்.

வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். புகை வராத அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துணியை அடைத்து, ஜன்னலருகே நின்றுகொண்டு 995-ஐ அழையுங்கள். எந்த அறை, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று சொல்லுங்கள். போனை வைக்க வேண்டாம்.


ஈசூன்_ஓட்டக்காரன் | செவ்வாய், இரவு 10.25

மைரெஸ்பாண்டர் செயலி யாரிடமாவது இருக்கிறதா? 2015-இல் வந்தது. அந்தக் கட்டுப்பாட்டு அறையிலிருந்தே, 400 மீட்டருக்குள் இதயம் நின்ற சந்தேகம் அல்லது சிறிய தீ என்றால் நம் போனில் அடிக்கும். ஏஇடி பெட்டி எங்கே இருக்கிறது என்றும் காட்டும்.

எனக்கு ஒரு தடவை அடித்தது. இரவு பத்தரை, கால் சட்டையோடு ஓடினேன். பக்கத்து புளோக் மின்தூக்கி அருகே இருக்கிற ஏஇடி-யைக் கையில் எடுத்துக்கொண்டு பதினொன்றாவது மாடி. கதவு திறந்திருக்கிறது, இரும்புக் கிரில் பூட்டியிருக்கிறது. உள்ளே அம்மா ஒருவர் கணவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறார், போனில் குரல் எண்ணுகிறது, "ஒன், டூ, த்ரீ, ஃபோர்". அவர் கையை எடுக்கவும் முடியாது, எழுந்து வந்து திறக்கவும் முடியாது. சாவி எங்கே என்று கேட்டேன், கண்ணால் காட்டினார். செருப்பு அலமாரிக்கு மேலே, கிரிலுக்கு உள்பக்கம், என் கைக்கு ஒரு சாண் தள்ளி. குடைக் கம்பியால் இழுத்து எடுத்தேன்.

அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அதற்குள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்துவிட்டார். அந்த ஐயா பிழைத்தாரா என்று எனக்குச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

ஆகவே: 995-ஐ அழைத்ததும் வீட்டில் இன்னொருவர் இருந்தால் கிரிலைத் திறந்துவிடுங்கள். முடிந்தால் ஒருவர் கீழே மின்தூக்கியைப் பிடித்து வைத்திருக்கட்டும்.


தேக்கா_தாத்தா | புதன், காலை 7.15

குடைக் கம்பி! நான் இன்றைக்கே சாவியைக் கிரில் பக்கத்து ஆணியில் மாட்டுகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். என் மனைவிக்குத் தமிழும் சந்தை மலாயும் தவிர வேறு தெரியாது. நான் இல்லாத நேரத்தில் அவள் அழைத்தால்?


மூன்றாம்_ரோட்டா | புதன், பகல் 1.05

தாத்தா, மலாய் போதும். "அப்பி" என்றால் தீ, "ஜாத்தோ" என்றால் விழுந்துவிட்டார், "தாக் பஙுன்" என்றால் எழவில்லை. அந்த அறையில் மலாய் தெரிந்தவருக்குப் பஞ்சமே இல்லை. தமிழ் தெரிந்தவர் அந்த ஷிப்டில் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். நம் ஊர்ப் பேச்சு எல்லாம் கலந்து வருவதால் அதைப் புரிந்து எழுத்தாக்கும் கணினி ஒன்றை இந்த அழைப்புகளுக்காகவே உருவாக்குவதாக 2018-இல் அறிவித்தார்கள். ஆங்கிலம், சீனம், சிங்கிலீஷ் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் பிடிக்க வேண்டும் என்பது யோசனை.

பாட்டிக்கு வேண்டியது இரண்டே இரண்டு. முகவரி, என்ன நடந்தது. அதுவும் அந்த வரிசையில்.


பாத்தோக்_வாசி | வியாழன், இரவு 9.30

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் நன்றி.

மூன்றாம்_ரோட்டா சொன்னதை வைத்துக் குளிர்பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டேன்: அஞ்சல் குறியீடு, புளோக், மாடி, வீட்டு எண், அப்பாவின் மருந்துகள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, அதனால் ஒரு ஒத்திகை பார்த்தோம். நான் சோபாவில் உட்கார்ந்துகொண்டு 995 ஆனேன், அம்மா சமையலறையிலிருந்து என்னை அழைத்தார்.

"எங்கே இருக்கிறீர்கள் அம்மா?"

"இங்கேதான் அய்யா, வீட்டில்."

மூன்று தடவை ஆயிற்று. நான்காவது தடவை தாளைப் பார்த்துக்கொண்டு மலாயிலேயே எண்களை அடுக்கினார். "லீமா, கோசோங், லாப்பான்..." ஒரே மூச்சில், பழைய சந்தையில் மீன்காரரிடம் விலை பேசுகிற குரலில். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு சிரிக்கிறார், "என் மருந்துப் பெயரை எப்படி மலாயில் சொல்வாய்?" என்று.

"மருந்தெல்லாம் அப்புறம்தான் கேட்பார்கள்," என்றார் அம்மா.